டிரம்ஸ் சிரித்துக்கொண்டே போன வாரம்

அந்தப் படக்கதையின் நாற்பத்தோராவது வாரத்தை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது அது வந்தால் கட்டைவிரல் தானாக வேகம் பிடித்துவிடும். இத்தனைக்கும் வரைந்தது நான்தான். நான் வரைந்ததிலேயே நன்றாக வந்ததும் அதுதான். அந்த எரிச்சல் தனி.

நாங்கள் நாலு பேர். காஞ்சிபுரத்தில் ராக் இசைக்குழு என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாடுகிறவன் ஒருவன், கிடார் ஒருவன், பேஸ் கிடார் ஒருவன், டிரம்ஸ் நான். பாடுகிறவன் என்னோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிள்ளையார்பாளையத்துக்காரன். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, அவன் சித்தப்பாவின் பட்டுக் கடையில் ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயாலேயே பந்தல் போடுவான். பந்தலுக்குக் கீழே நிழலும் இருக்கிற மாதிரியே தோன்றும், அதுதான் அவன் திறமை.

நான் புடவை டிசைன் போடுகிறவன். கரையில் மயில் வேண்டும், முந்தியில் யானை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால், எந்த இழை மேலே வரும், எது கீழே போகும் என்று சின்னச் சின்னக் கட்டமாகக் குறித்துத் தரவேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டை குத்துவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஆனாலும் நான் வேலை பார்க்கும் டிசைன் சென்டரில் கட்டம் போட்ட பழைய கிராப் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது, சீந்த ஆளில்லை. எங்கள் படக்கதை அந்தத் தாளில்தான் பிறந்தது.

நாங்கள் பிராக்டிஸ் செய்த இடம் அவன் சித்தப்பா கடைக்குப் பின்னால் இருந்த பெட்டி ரூம். புடவை வைத்துத் தரும் அட்டைப்பெட்டிகளைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருப்பார்கள். அட்டை சத்தத்தைக் குடித்துவிடும். ஆடி மாதத்தில் பெட்டி நிறைய நிற்கும், நாங்கள் என்ன அடித்தாலும் வெளியே முணுமுணுப்புதான். ஆவணி பிறந்து முகூர்த்தம் தொடங்கினால் பெட்டிகள் இறங்கும், எங்கள் சத்தம் ஏறும். அப்படி ஓர் ஆவணியில் கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நான் பேஸ் டிரம்மின் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறேன். "இன்னாங்க அது, திடும் திடும்னு?" என்று அந்த அம்மா கேட்டாராம். புடவை விரித்துக்கொண்டிருந்த கடை ஊழியர் இமைகூடத் தட்டாமல், "உள்ள தறி ஓடுதும்மா" என்றிருக்கிறார். அந்த அம்மா மனம் குளிர்ந்து இன்னொரு புடவையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதுதான் எங்கள் முதல் வாரக் கதை. அவன் சொன்னான், நான் நாலு கட்டத்தில் வரைந்தேன். கதையில் யாருக்கும் பெயர் கிடையாது. பாட்டு, கிடார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான் பெயர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் இன்ஸ்டாகிராமில் போடுவோம். ஒரு பிரதி எடுத்துப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடைச் சுவரிலும் ஒட்டிவிடுவான் அவன், விளம்பரத்துக்காக. கருட சேவைக் கூட்டத்துக்கு நடுவில் ஆம்ப்ளிஃபையரோடு மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றது, பேஸ்காரன் கிடார் உறையில் மாமியாருக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனது, கல்யாண ரிசப்ஷனில் இரண்டாவது பாட்டிலேயே எங்களிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டது, எல்லாம் நடந்தவைதான். ஊரில் எங்கள் பாட்டைக் கேட்டவர்களைவிட எங்கள் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். டீக்கடையில் என்னைப் பார்த்து, "இந்த வாரம் டிரம்ஸுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். டிரம்ஸ் என்றால் நான்.

டிரம்ஸை நான் கொஞ்சம் பெரிதாகத்தான் வரைவேன். ஒத்துக்கொள்கிறேன். மேடையில் டிரம்ஸ்காரன் எப்போதும் பின்னால், புகைக்கு நடுவில், பாதி முகம்தான் தெரியும். என் கட்டங்களில் அவன் முன்னால் இருந்தான். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அப்பாவைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

எங்கள் ஆட்களை ஒரு காலத்தில் ஊரில் எழவு விழுந்தால் மேளம் அடிக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போகாமல் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். தாத்தா அடித்தார். அப்பா அதைத் தொடவில்லை. ஆட்டோ வாங்கினார், சர்ச்சுக்குப் போனார், நிமிர்ந்து நடந்தார். நான் சர்ச்சில் டிரம்ஸில் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் என்னோடு சாப்பிடவில்லை. சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"கோயில்ல அடி. ஆண்டவருக்கு அடி. ஊருக்கு அடிக்காத. நம்ம ஆளுங்க ஊருக்கு அடிச்சது போதும்."

நான் ஊருக்கும் அடித்தேன். ஒரு வருஷம் அவரிடம் சொல்லாமல் அடித்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடைச் சுவரில் படக்கதையைப் பார்த்திருக்கிறார். யாரோ, "இந்த டிரம்ஸு உன் பையனாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எங்கேயோ ஒரு கிளினிக்கை மூடியபோது கழித்துக்கட்டிய சுழல் ஸ்டூல். மெக்கானிக்கிடம் கொடுத்துக் காலைப் பற்றவைத்து, ஆட்டோ சீட் தைக்கும் கடையில் பச்சை ரெக்சின் போட்டு வாங்கி வந்திருந்தார். "பிளாஸ்டிக் சேர்ல குந்திக்கினு அடிக்கிற மாதிரி வரைஞ்சிருந்தியே, பாக்க நல்லா இல்ல" என்றார்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அடிக்கிறவன்தான் நான். என்னைப் பற்றி எனக்கே பிடித்திருந்த ஒரே விஷயம் அது. பகல் முழுக்க அடுத்தவர் கல்யாணத்துக்கு மயில் போடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பச்சை ரெக்சினில் உட்காருவேன். மற்ற நாட்களை அந்த இரண்டு நாள்தான் சுமந்துகொண்டு போனது.

எங்கள் வேலைப் பங்கீட்டில் ஒரு விதி இருந்தது. செவ்வாய்க்கிழமை அவன் கதையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். புதன், வியாழன் நான் வரைவேன். அவன் கோட்டைத் தொடமாட்டான், நான் கதையைத் தொடமாட்டேன். ஏன் இப்படி, எதற்கு இப்படி என்று நான் கேட்டதே கிடையாது. இது தொழிலிலிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி. டிசைன் போடுகிறவன் புடவை யாருக்கு என்று கேட்கக் கூடாது. எந்தக் கடை எந்தக் கரையை வாங்குகிறது என்று அடுத்த கடைக்குத் தெரிந்தால் நம்மை ஒருவரும் நம்ப மாட்டார்கள். அளவைக் கேள், நிறத்தைக் கேள், வாயை மூடிக்கொண்டு போடு. பத்து வருஷமாக அப்படியே பழகிவிட்டேன். கட்டம் நாலும் காதில் விழுந்துவிட்டால் போதும், மிச்சமிருக்கிற பேச்சைக்கூடக் கேட்காமல் நிறுத்திவிடுவேன். அவன் பேச்சு நீளமானது வேறு.

அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்று சொல்கிறேன்.

சென்னையில் ஒரு மேடை எங்களுக்குக் கிடைப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். நாலு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, டிக் டிக் என்று ஒரு சத்தத்தை விட்டார்கள். அதன் கூடவே அடிக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. பாட்டு சூடேறினால் நானும் சூடேறுவேன், கை ஓடும். சர்ச்சில் அதைத்தான் ஆவி இறங்கியது என்று சொல்வார்கள். ஸ்டுடியோக்காரர் அப்படிச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டிரம்ஸ், நீங்க ஓடறீங்க" என்றார். மறுபடி. மறுபடி. ஏழெட்டு முறை ஆனதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"வுடு மச்சி. மெஷினுக்கு இன்னா தெரியும்? நீதான் நம்ம பேண்டு."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. மறக்க முடிந்தால் நல்லது.

இரண்டு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அவன் குரல் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிசைன் சென்டர் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். நாற்பத்தோராவது வாரக் கதை இது. முதல் கட்டத்தில் டிரம்ஸ் குச்சிகளைத் துடைத்து, முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேர் மேல் வைக்கிறான். இரண்டாவதில் மற்ற மூன்று பேரும் "எங்கடா போற?" என்கிறார்கள். மூன்றாவதில் "எனக்கு வேற வேலை இருக்குதுபா, நீங்க வாசிங்க" என்று சொல்லிவிட்டு டிரம்ஸ் வாசலைத் தாண்டுகிறான். நாலாவதில் ஸ்டூல் மட்டும். "மூஞ்சி சோகமா இருக்கணும் மச்சி" என்று இரண்டு தடவை சொன்னான். அதற்கு மேலும் ஏதோ பேசிக்கொண்டே போனான். கட்டம் நாலும் கிடைத்துவிட்டது, நிறுத்திவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது வாரமாக இட்லிக் கதையும் மைக் கதையும் வரைந்த எனக்கு முதல் முறையாக ஒரு உருக்கமான கதை கிடைத்திருக்கிறது. படிக்கிறவர்கள் துடித்துப்போவார்கள், இரண்டு வாரம் கழித்து டிரம்ஸ் திரும்பி வருவான், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாருக்குப் புடவை என்று கேட்கக் கூடாதே.

இரண்டு சாயங்காலத்தில் முடிகிற வேலைக்கு அந்த வாரம் புதன், வியாழன் இரண்டு நாளும் லீவு போட்டேன். பெட்டி ரூமில் பெட்டிகளுக்கு நடுவில் விழும் வெளிச்சத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். நாலாவது படத்தில் ஸ்டூலின் ரெக்சினில் அப்பா போட வைத்த தையல்கூடத் தெரியும். அப்புறம் மூன்றாவது கட்டத்துக்கு வந்தேன், முகத்துக்கு. சோகமாக வரைந்து பார்த்தேன், மலிவாக இருந்தது. டிவி சீரியலில் வீட்டைவிட்டுப் போகும் மருமகள் மாதிரி இருந்தது. அழித்தேன். நாற்பது வாரத்தில் முதல் முறையாக விதியை மீறினேன். டிரம்ஸைச் சிரிக்க வைத்தேன். தோளுக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டு, பல் தெரிய, இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவனைப் போல. வலி உள்ளே இருக்கும், பார்க்கிறவனுக்குப் புரியும் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் வர நேரமாயிற்று.

"சூப்பரா இருக்குது மச்சி. சிரிக்கிற மாதிரி போட்டுட்ட?"

"ஆமா. எப்படி?"

"செம. உனக்கு ஓகேதானே?"

"டபுள் ஓகே."

இந்த நாலு வரியும் இன்னும் என் போனில் இருக்கிறது.

அன்றைக்கு வந்த லைக்குகளும் கருத்துகளும் நாங்கள் அதுவரை பார்க்காதவை. அழுகிற முகங்கள், உடைந்த இதயங்கள், 'போகும்போதும் சிரிக்கிறான் பாரு, அவன்தான்டா ஆம்பள' என்று ஒருவர். நான் வேலை நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தேன். மதியம் அப்பா போன் செய்தார். டீக்கடையிலிருந்து.

"நீயா வுட்டுட்டியா, இல்ல அவங்க வுடச் சொன்னாங்களா?"

"அப்பா, அது கதைப்பா."

"கதையா?"

"ரெண்டு வாரத்துல திரும்பி வந்துடுவான்."

அவர், "நீ வரைஞ்சதெல்லாம் இதுவரைக்கும் நடந்ததுதானேப்பா" என்றார். சவாரி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். நான் சிரித்தேன். அப்பாவுக்குக் கதை புரியவில்லை என்று என் பக்கத்தில் வேலை செய்தவரிடம்கூடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பெட்டி ரூமுக்குப் போனேன். பிராக்டிஸ் மாலையில்தான். கொஞ்சம் முன்னால் போய் ஸ்னேர் தோலை இறுக்கலாம் என்று நினைத்தேன். சாவி கடையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே ஏதோ சரியில்லை. முட்டி கீழே தொங்கியது. பெடலுக்குக் கால் எட்டிப் போக வேண்டியிருந்தது. எழுந்து பார்த்தேன். ஸ்டூல் நாலு சுற்று உயர்த்தப்பட்டிருந்தது. நான் குள்ளம், ஸ்டூலை எப்போதும் தாழ்த்தித்தான் வைத்திருப்பேன். மற்ற மூவருக்கும் அதில் உட்காரும் வழக்கமே கிடையாது. சிம்பல் தட்டு ஒன்று இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஸ்னேர் மேலே புது ஜோடிக் குச்சிகள் கிடந்தன.

குச்சிகள் ஸ்னேர் மேல். முதல் கட்டத்தில் நான் வரைந்தது போலவே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துப் பார்த்துப் பத்தாயிரம் கட்டம் நிரப்பின கண், தன் முன்னால் இருந்த நாலு கட்டத்தைப் பார்க்கவில்லை. உயர்த்தப்பட்ட அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே கடையில் யாரோ ஜரிகை சுத்தமானதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் நாலு மணிக்கு வந்தான். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் யாரோ வருவதாக இருந்திருக்க வேண்டும், போனை எடுத்து "ஒரு அரை மணி கழிச்சி வாங்க" என்றான். பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

"நீ வருவேன்னு நெனைக்கல மச்சி."

"ஏன், வேற வேலை இருக்குதா எனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஸ்டூலைக் காட்டினேன். "யாரு?"

"ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனில வேலை செய்றாரு. டைமிங் பக்காவா இருக்குது. சென்னைக்காரங்க பாட்டைக் கேட்டுட்டு, டிரம்ஸ மாத்தினா மேடை தர்றோம்னாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"கதையா அனுப்புனேனே மச்சி. நீ வரைஞ்சியே. உனக்கு ஓகேவான்னு கூட கேட்டேன். டபுள் ஓகேன்ன."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அவன் காது சிவக்கும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். காது சிவந்திருந்தது. கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். நீ மெஷினுக்கு இன்னா தெரியும்ன, நீதான் பேண்டுன்ன, ஒரே பெஞ்சுல குந்திக்கினு என் சோத்தைத் தின்ன, என்று சம்பந்தமில்லாததையெல்லாம் இழுத்தேன். பெட்டி நிறைய இருந்த மாதம் அது. நான் கத்தினது வெளியே ஒரு முணுமுணுப்பாகத்தான் போயிருக்கும்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் தாளத்தில் ஓடுகிறவன் நான்தான் என்று எனக்கும் தெரியும். கடைசியில் ஒத்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு மாதச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டான்.

டிரம்ஸ் அவன் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது. ஸ்டூல் என்னுடையது. தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடை ஊழியர் வழிவிட்டு நின்றார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். சுழல் ஸ்டூலைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவனைப் பார்க்காமல் என்ன செய்வார்கள். ஒருவர், "இன்னா டிரம்ஸு, மெய்யாலுமே கெளம்பிட்டியா?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டார்.

வீட்டில் அப்பா ஸ்டூலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து, ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி என் உயரத்துக்கு இறக்கினார். என் உயரம் அவருக்குக் கணக்காகத் தெரிந்திருந்தது. பிறகு அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போனார். நான் ஊருக்கு அடித்ததற்காக அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அவன் குரல் வந்தது. நாற்பத்திரண்டாவது வாரம்! புது டிரம்ஸ் ஒருவன் வருகிறான், சுருட்டை முடி, கண்ணாடி, கொஞ்சம் உயரமாகப் போடு என்று. துணிச்சல் என்றால் இதுதான். முதலில் ஒரு மன்னிப்பு, நடுவில் கதை, கடைசியில் 'நம்ம படக்கதை நிக்கக் கூடாது மச்சி'. நான் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. என் படங்களையே ஏதோ ஏ.ஐ. செயலியில் போட்டு என் கோடு மாதிரியே எடுத்திருந்தார்கள். பின்னால் கிராப் கட்டம்கூட இருந்தது. புது டிரம்ஸுக்கு ஒரு கையில் ஆறு விரல். ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் விலகவில்லை, விலக்கப்பட்டேன் என்று எழுதி என் பக்கத்தில் போட இரண்டு முறை உட்கார்ந்தேன். எழுதிவிட்டு அழித்தேன். யார் நம்புவார்கள்? சுவரில் என் படம் ஒட்டியிருக்கிறது. கீழே மூலையில் என் கையெழுத்து இருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். டிசைன் சென்டருக்கு ஒருவர் என்னைத் தேடி வந்தார். சுருட்டை முடி, கண்ணாடி, உயரம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கைக்கும் ஐந்தைந்து விரல்தான் இருந்தது. ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவரோ இரண்டு கையையும் கூப்பினார்.

"ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. பெடல் கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் போடுது. அடுத்த வாரம் மேடை. நீங்க என்னா பண்ணுவீங்கன்னு அவங்க யாருக்கும் தெரியல."

தெரியாதுதான். அந்தப் பெடலை இரண்டு வருஷமாகக் கவனித்தவன் நான் ஒருவன்.

"எந்த முகத்தோட வந்தீங்க?" என்றேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன் ப்ரோ?"

"ஒருத்தன் இடத்துல போயி குந்திக்கினு, அவன்கிட்டயே பெடலுக்கு வழி கேக்கறீங்களே."

அவர் முகம் வெளுத்துப்போனது. மெதுவாகத்தான் பேசினார். "நான் மொதல்ல முடியாதுன்னுட்டேன் ப்ரோ. இருக்கிறவரைத் தூக்கிட்டு என்னை வைக்கிறதா இருந்தா வேணாம்னு சொன்னேன். என்னையும் ஒரு பேண்டுல அப்படித்தான் தூக்குனாங்க. அதுக்கு உங்க பாட்டுக்காரரு அந்த நாற்பத்தோராவது வாரத்தைக் காட்டுனாரு. 'பாரு, அவனே வரைஞ்சது'ன்னாரு. நீங்க சிரிச்சிக்கினே கைய காட்டிக்கினு போறீங்க. அதைப் பாத்துதான் வந்தேன். சோகமா வரைஞ்சிருந்தீங்கன்னா நான் வந்திருக்க மாட்டேன்."

நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு யாளி பாதி நிரம்பியிருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"தையல் மிஷின் எண்ணெய்" என்றேன். "ஸ்பிரிங்குக்கு அடியில ரெண்டு சொட்டு. மேல வுட்டா பிரயோஜனம் இல்ல."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டவில்லை.

அவர் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக் குரல் பதிவு அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. மூஞ்சி சோகமா இருக்கணும் மச்சி. நான் அன்றைக்கு நிறுத்திய இடம் அது. இந்த முறை நிறுத்தாமல் விட்டேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது, வீட்டிலிருந்து பேசியிருக்கிறான். மேடையில் பாடும் குரல் இல்லை, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இருந்த குரலில், தணிவாகச் சொல்கிறான்:

"ஏன்னா, அவனுக்குப் போவ மனசே இல்ல மச்சி. அவன் உசுரே அந்த ஸ்டூல்லதான் இருக்குது. அது எனக்குத் தெரியும்."